குமிழி வராத பாட்டில்

கும்மிடிப்பூண்டியில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையின் முதலாளியிடம் ஒரு பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் இருந்தது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. வருடமெல்லாம் ஷெட்டில் நிற்கும் அதற்கு ஆயில், பிரேக் எல்லாம் பார்ப்பது அப்பாதான்.

அந்த வருடம் எங்கள் வீட்டில் நான்தான் தபால்காரி. அப்பாவின் மொபெட்டை எடுத்துக்கொண்டு போன அண்ணன் லாரியில் மோதி இறந்திருந்தான். பிரேக் தேய்ந்திருந்தது அப்பாவுக்குத் தெரியும். நாளைக்கு மாற்றலாம் என்று விட்டிருந்தார். "ஊரான் வண்டிக்கெல்லாம் பிரேக்கு பாத்தியே, நம்ம வண்டிய பாத்தியாய்யா?" என்று கேட்டதோடு அம்மா அவரிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். அப்புறம் சோறு ஆறுகிறது என்பதும் பசியில்லை என்பதும் என் வழியாகத்தான் போய் வந்தன. எனக்கு அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

ஓர் ஆடி ஞாயிறு, அம்மாவும் நானும் ஷெட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். அப்பாவின் உதவியாள் பெரியபாளையம் கோயிலுக்குப் போய்விட்டிருந்தார். பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், மற்றவர் சக்கரத்தருகே நட்டைத் திறந்து மூட வேண்டும். எனக்குக் கால் எட்டவில்லை. சாயங்காலம் முதலாளி தன் பையனை உட்காரவைத்து ஓட்டப்போகிறார் என்று அப்பா என்னிடம் சொன்னார். அம்மா சாப்பாட்டுக் கூடையை வைத்துவிட்டு காரில் ஏறி உட்கார்ந்தாள்.

"மிதிச்சிட்டாளான்னு கேளு," என்றார் அப்பா, சக்கரத்தடியில் படுத்தபடி.

ஓடினேன். "மிதிச்சிட்டேன்னு சொல்லு," என்றாள் அம்மா. நான் திரும்பி ஓடிச் சொல்ல, அவர் நட்டைத் திறந்திருக்கும்போதே அம்மா காலை எடுத்துவிட்டாள். காற்று மறுபடியும் உள்ளே போனது. மூன்று தடவை இப்படியே ஆனது.

நான்காவது தடவை அப்பா என்னைப் பார்க்கவில்லை. "மிதி," என்றார்.

அம்மா ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். பிறகு, "மிதிச்சிட்டேன்," என்றாள் அம்மா.

"அப்படியே புடிச்சிக்கினு இரு."

"புடிச்சிக்கினுதான் கீறேன்."

"இப்ப வுடு."

நட்டில் மாட்டிய சின்னக் குழாயின் நுனியைப் போட்டிருந்த ஆயில் பாட்டிலில் குமிழி வருகிறதா, அதாவது உள்ளே இன்னும் காற்று இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையானது. நான்கு சக்கரமும் முடிந்தது, குமிழியும் நின்றது. ஆனாலும் அப்பா முதல் சக்கரத்துக்கே திரும்பிப் போய்ப் படுத்தார். மிதி, மிதிச்சிட்டேன். மிதி, மிதிச்சிட்டேன். அப்பா துணியால் கண்ணைத் துடைத்தார். பிரேக் ஆயில் தெறித்துவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கோ பசி. "நைனா, குமிழியே வரல. எப்பவோ முடிஞ்சிபோச்சி," என்று அப்பாவிடம் சொன்னேன். அந்தக் கெட்டிக்காரத்தனத்தை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அப்பா நட்டை இறுக்கினார். அம்மா இறங்கி வந்து, என்னைப் பார்த்து, "உங்க நைனாவ கை கழுவினு வரச் சொல்லு," என்றாள்.

என் வேலை எனக்கே திரும்பிவிட்ட சந்தோஷத்தில், நான்கு எட்டுத் தூரத்தில் நின்ற அப்பாவிடம் ஓடினேன்.