பதினாலாம் வீட்டின் சலவை முறை

எங்கள் குடியிருப்பின் சலவை அறைச் சுவரில் பதினொரு விதிகள் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகின்றன. நீல மையில், குண்டு குண்டான கையெழுத்தில். ஒரு வீட்டுக்கு வாரம் இரண்டு முறை. முறை வருகிறவர் தன் வீட்டு எண் போட்ட தகர வில்லையை மெஷினுக்கு மேலே இருக்கும் ஆணியில் மாட்ட வேண்டும். மெஷின் நின்று பத்து நிமிடத்துக்குள் துணியை எடுக்காவிட்டால் அடுத்தவர் எடுத்துக் கூடையில் வைக்கலாம். பால்கனியில் எதையும் காயப்போடக் கூடாது. இப்படியே போகும்.

எழுதியவர் பதினாலாம் வீட்டுக்காரர். முப்பத்து நாலு வருஷம் பஸ் டிப்போவில் உட்கார்ந்து எந்த வண்டி எப்போது கிளம்பியது, எப்போது திரும்பியது என்று குறித்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, வயதானவர்கள் மட்டுமே இருக்கும் இந்த இடத்துக்கு வந்த பிறகும் அவர் அந்த வேலையை விடவில்லை. பொது அறையில் பேப்பர் ஒருவர் கையில் இருபது நிமிடத்துக்கு மேல் இருந்தால் எதிரே வந்து நின்று தொண்டையைச் செருமுவார். கேரம் போர்டு பக்கத்தில் கடிகாரத்தோடு நிற்பார். எல்லாருக்கும் அவர் டைம்கீப்பர்தான்.

ஒரு நாள் காலை நடைபாதையில் நான் எதிர்த்திசையில் போய்விட்டேன். "மேடம், ராங் ரூட்ல வர்றீங்க" என்றார். "நான் என்ன பஸ்ஸா சார்?" என்று கேட்டேன். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவள் நான், வாய் கொஞ்சம் நீளம். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்த அவர் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அந்த அம்மாவை எல்லோரும் டீச்சர் என்று கூப்பிடுவோம். பாலர் வகுப்பு டீச்சர். சொந்தப் பிள்ளை கிடையாது; கேட்டால், "ஆயிரம் பேர வளத்திருக்கேன், இன்னும் எத்தன வேணும்?" என்பார். வியாழக்கிழமை மாலை பொது அறையில் தம்போலா விளையாடுவோம்; கூப்பிடும் எண்ணைச் சீட்டில் அடித்துக்கொண்டே வந்து, முதலில் எல்லா எண்ணையும் அடித்தவருக்கு ஃபுல் ஹவுஸ். பையிலிருந்து வில்லையை எடுத்து எண்ணைச் சொல்வது எப்போதும் டீச்சர்தான். காது மந்தமானவர்களுக்குக்கூட அந்தக் குரல் கேட்கும். விளையாட்டின் நடுவே யாராவது தேநீரைக் கொட்டிவிட்டால் நிறுத்திவிட்டு, "யாரு செஞ்சது? கையத் தூக்குங்க. யாரும் திட்ட மாட்டாங்க" என்பார். எங்களில் ஒருவரான எழுபத்தைந்து வயது ரிட்டயர்டு சர்வேயர் சின்னப் பையன் மாதிரி கையைத் தூக்குவார். அறையே சிரிக்கும்.

மூன்று மாதமாக டீச்சர் வரவில்லை. கேட்டால், "கால்வலி" என்று சொல்லிவிட்டு டைம்கீப்பர் நகர்ந்துவிடுவார். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதில் எனக்கு நிகர் இல்லை என்று என் தங்கை சொல்வாள். நுழைக்க வேண்டிய இடத்தில் நான் நுழைக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இங்கே வரும்போது எல்லோரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள முடிகிறவர்தான் இங்கே இருக்கலாம். முடியாமல் போனால் ஊரின் மறுகோடியில் உள்ள பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். கணவனோ மனைவியோ கூடப் போய்த் தங்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை நான்கிலிருந்து ஆறு வரை போய்ப் பார்க்கலாம். அந்தக் காகிதத்தை யாரும் இரண்டாம் தடவை படித்ததில்லை. படித்தால் தூக்கம் வராது.

பதினாலாம் எண் வில்லை ஆணியில் அடிக்கடி தொங்குவதை முதலில் கவனித்தவர் சர்வேயர். வாரம் இரண்டு முறை என்பது போய், தினமும் ஆனது. சில நாள் இரண்டு வேளை. மற்றவர்கள் பொது அறையில் பாட்டு வகுப்பிலோ படம் பார்ப்பதிலோ இருக்கும் நேரமாகப் பார்த்து மெஷின் ஓடும். சர்வேயர் ஒரு புகார் எழுதிக் கொடுத்தார். பாட்டு வகுப்பு நடத்தும் அம்மா இரண்டாவது எழுதினார்.

மூன்றாவது புகார் என்னுடையது. அன்றைக்கு என் முறை. போய்ப் பார்த்தால் பதினாலாம் எண் வில்லை தொங்குகிறது, மெஷின் நின்று கால் மணி நேரம் ஆகிவிட்டது, ஆளைக் காணோம். துணியை வெளியே எடுத்தேன். படுக்கை விரிப்பு மட்டும் ஆறு. இரண்டு பேர் இருக்கிற வீட்டில் எதற்கு ஆறு விரிப்பு? என் மூளை கிடுகிடுவென்று வேலை செய்தது. டைம்கீப்பருடைய அண்ணன் மகன் பின் தெருவில் லாட்ஜ் நடத்துகிறான். முன்பு இங்கே இருந்த ஒரு ஓட்டல்காரர், தன் மகனுடைய ஓட்டலின் மேஜை விரிப்புகளை இப்படித்தான் திருட்டுத்தனமாகத் துவைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பிடிக்கத்தான் டைம்கீப்பர் பதினோராம் விதியைப் போட்டார்: ஒரே மாதத்தில் ஒரு வீட்டின் மேல் மூன்று எழுத்துப் புகார் வந்தால் மேனேஜர் அந்த வீட்டுக்குள் போய்ப் பார்வையிடுவார்.

ஊருக்கெல்லாம் விதி போட்ட மனிதர் கையும் களவுமாக மாட்டிக்கொண்டார் என்று எனக்கு அப்படி ஒரு குஷி. ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன். எழுத்து அழகாக வந்திருந்தது.

மறுநாள் மதியம் அவர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். விரல் நுனியெல்லாம் வெளுத்துத் தோல் உரிந்திருந்தது. சோப்பு வாசனை அடித்தது.

"எழுதிக் குடுத்தத திரும்ப வாங்கிக்கங்க மேடம்."

"ஏன் சார்? விதின்னா எல்லாருக்கும்தானே?"

"எல்லாருக்கும்தான்."

"பின்ன?"

"இந்த ஒரு தடவ விட்டுடுங்க. வீட்டுக்குள்ள ஆளுங்க வர வேணாம். அவளுக்கு ஒத்துக்காது."

"லாட்ஜ் துணியா சார் அது? உண்மையச் சொல்லுங்க. ஒத்துக்கிட்டீங்கன்னா நான் வாங்கிக்கிறேன்."

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாழ்நாளில் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றிக் குறிக்காத மனிதர், "ஆமா மேடம். லாட்ஜ் துணிதான். தப்புத்தான்" என்றார்.

அப்போதாவது நான் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருக்க வேண்டும். காப்பாற்றவில்லை. "நீங்களே இப்படிப் பண்ணினா மத்தவங்கள என்ன சொல்றது? மேனேஜர் வந்து பாக்கட்டும்" என்று கதவு வரை கொண்டுபோய் விட்டேன். நாக்கு அழுகிப் போயிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்று, நியாயத்தை நிலைநாட்டிவிட்ட நினைப்பில் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்.

வியாழக்கிழமை ஐந்து மணிக்குப் பார்வையிடுவதாக மேனேஜர் கடிதம் கொடுத்துவிட்டார். கூட ஒரு சாட்சி வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டிருந்தார்.

அந்த வியாழன் நாலு மணித் தம்போலாவுக்கு டைம்கீப்பர் டீச்சரைக் கூட்டிக்கொண்டு வந்தார். தலை வாரிப் பூப்போட்ட புடவை கட்டி, கை கோத்து மெதுவாக. அறையே எழுந்து நின்றது. ஏன் கூட்டி வந்தார் என்று பின்னால்தான் புரிந்தது. டீச்சர் பழையபடி எண் சொல்வதை மேனேஜர் கண்ணால் பார்த்துவிட்டால், வீட்டைச் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார் என்று கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்கு வேறு வழி எதுவும் மிச்சம் இல்லை.

டீச்சர் பைக்குள் கையை விட்டார். "அறுபத்தி எட்டு." அதே குரல். "அஞ்சு. நாப்பது. இருபத்தி மூணு." எல்லோரும் சீட்டில் அடித்துக்கொண்டோம். டைம்கீப்பர் பக்கத்திலேயே நின்றார். மேனேஜர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக இருந்தார்.

"இருபத்தி மூணு" என்றார் டீச்சர்.

"அது சொல்லியாச்சு டீச்சர்" என்றார் சர்வேயர்.

டீச்சர் இன்னொரு வில்லையை எடுத்தார். "இருபத்தி மூணு." சிலர் சிரித்தார்கள், டீச்சர் விளையாட்டுக் காட்டுகிறார் என்று. நான்காம் தடவை இருபத்து மூன்று வந்தபோது யாரும் சிரிக்கவில்லை.

"எனக்கு ஃபுல் ஹவுஸ்" என்று டைம்கீப்பர் சத்தமாகச் சொன்னார். "ஆட்டம் முடிஞ்சது. வா போலாம்."

சர்வேயர் அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். பதினைந்து எண்ணும் அடித்திருந்தது. "சார், இதுவரைக்கும் கூப்பிட்டதே நாலு நம்பர். எப்படி சார்?" என்றார். டைம்கீப்பர் முகத்தில் ஈயாடவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து எழுப்பப் பார்த்தார், "எந்திரிம்மா, எந்திரி" என்று கெஞ்சினார்.

டீச்சர் எழுந்தார். நாற்காலி நனைந்திருந்தது. புடவை நனைந்து தரையிலும் சொட்டியது.

ஆறு விரிப்புகளும் உரிந்த விரல்களும் அந்த நொடியில் எனக்குப் புரிந்தன. என்னிடம் தண்ணீர் பாட்டில் இருந்தது. எப்படி அங்கே போனேன் என்று தெரியாது, மூடியைத் திறந்து நாற்காலி மேலும் தரையிலும் அப்படியே கவிழ்த்தேன். "ஐயோ, கை தவறிடுச்சு" என்றேன்.

டீச்சர் தரையைப் பார்த்தார். முகம் தெளிந்தது, வகுப்பறைக்குள் நுழைந்த மாதிரி. "யாரு செஞ்சது?" என்றார். "கையத் தூக்குங்க. யாரும் திட்ட மாட்டாங்க."

நான் கையைத் தூக்கினேன். "நான்தான் டீச்சர். தண்ணியக் கொட்டிட்டேன்."

டீச்சர் என்னைப் பார்த்து மெல்லத் தலையை ஆட்டினார். "பொய் சொல்லக் கூடாது" என்றார். பிறகு தன் கையைத் தூக்கினார், நேராக, காதோடு ஒட்டி, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாரே அந்த மாதிரி. "நான்தான்" என்றார். கணவர் பக்கம் திரும்பி, "திட்ட மாட்டீங்கல்ல?" என்று கேட்டார்.

"திட்ட மாட்டேம்மா" என்றார் டைம்கீப்பர். அவர் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான்.

அதன் பிறகும் மேனேஜர் வீட்டைப் பார்வையிட்டார். விதி அப்படி. நானும் போனேன். கட்டிலில் மெத்தைக்கு மேல் ரப்பர் விரிப்பு. குளியலறையில் வாளி நிறைய ஊறுகிற துணி. அலமாரியில் ஒரு நோட்டு. மேனேஜர் அதைப் பிரித்துவிட்டு என்னிடம் நீட்டினார். குண்டுக் கையெழுத்து. 'ஆறு பத்து: பாத்ரூம் கூட்டிப் போனேன். எட்டு ஐந்து: கூட்டிப் போனேன். ஒன்பது நாற்பது: நனைந்தது, என் தவறு, தாமதம்.' டிப்போவில் வண்டிகளைக் குறித்த மாதிரியே மூன்று மாதம். நனைந்த இடத்திலெல்லாம் தன் தவறு என்றே எழுதியிருந்தார்.

"என் புகார நான் திரும்ப வாங்கிக்கிறேன்" என்றேன்.

"தாராளமா வாங்கிக்கங்க மேடம்" என்றார் மேனேஜர். அவர் கெட்டவர் இல்லை, அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "ஆனா இனிமே புகாருக்கு வேலையே இல்லையே."

டைம்கீப்பர் அவர் காலில் விழாத குறையாகக் கேட்டார். ராத்திரி பகல் நான் பார்த்துக்கொள்கிறேன், மெஷினைத் தொடவே மாட்டேன், கையால் துவைத்துக்கொள்கிறேன் என்றார். நாங்கள் முப்பது பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம். சர்வேயர்தான் முதல் கையெழுத்து. பதில் இரண்டு வரியில் வந்தது. பத்தாம் நாள் வண்டி வந்து டீச்சரை ஏற்றிக்கொண்டு போனது. வண்டிக்குள்ளிருந்து அவர் எங்களுக்கெல்லாம் டாட்டா காட்டினார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் டைம்கீப்பரோடு போகிறேன். வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, வாருங்கள் என்றும் சொல்லவில்லை. மூன்று மணிக்கே அந்த இல்லத்தின் கேட்டில் போய் நிற்போம். நான்கு மணிக்குத் திறப்பார்கள். டீச்சருக்கு என்னைத் தெரியவில்லை. அவரைத் தெரியும். தெரியாமல் போயிருந்தாலாவது தேவலை என்று சில சமயம் நினைக்கிறேன், ஏனென்றால் அவர் கிளம்பும்போது டீச்சர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறார்.

போன ஞாயிறும் அப்படித்தான். ஐந்து ஐம்பத்தைந்துக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். அங்கே இருந்த நர்சம்மாவுக்கே பொறுக்கவில்லை.

"இன்னும் கொஞ்ச நேரம் இருங்க சார். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"வேணாம்மா. டைம் ஆச்சு."

ஆறு அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கேட்டுக்கு வெளியே வந்துவிட்டோம். உள்ளே டீச்சர் கூப்பிடுவது தெரு வரைக்கும் கேட்டது. பஸ் பதினெட்டு நிமிடம் தாமதமாக வந்தது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

உட்கார்ந்த பிறகு எனக்கு ஆத்திரமாக வந்தது. "நர்சே இருங்கன்னு சொல்றாங்க. ஒரு பத்து நிமிஷம் கூட இருந்தா என்ன சார் குடி முழுகிடும்?" என்று கேட்டேன்.

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "யாராவது எழுதிக் குடுத்துட்டா இந்த ரெண்டு மணி நேரமும் போயிடும் மேடம்."

என்னைக் குத்திக் காட்ட அவர் அதைச் சொல்லவில்லை. அவருக்கு அந்த வழக்கமே கிடையாது. எழுதிக் கொடுத்த கையை மடியில் வைத்துக்கொண்டு இறங்கும் இடம் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.