எல்லைக்குள் ஒரு கட்டில்

அந்தப் பள்ளியில் நான் பயந்தது நீச்சல் குளத்துக்கு மட்டும்தான். வேறு எதற்கும் பயப்படவில்லை என்றால் பீற்றிக்கொள்கிறாள் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். செலண்டாருக்குப் போகும் சாலையில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, வெள்ளை வெளேரென்று எழும்பியிருந்த அனைத்துலகப் பள்ளி அது. கொரியா, ஜப்பான், இந்தோனேசியா என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள் விடுதியில் தங்கிப் படித்தார்கள். தொண்ணூறுகளில் அப்படிப்பட்ட பள்ளி எங்கள் பக்கத்துக்குப் புதிது. உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய உதவிச் சம்பள இடம் எனக்குக் கிடைத்தது. நான் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்துப் பெண். அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். அம்மா உதிரிப் பழம் பொறுக்கப் போவார்.

வீடு கூப்பிடு தூரம் என்றாலும் விடுதியில்தான் தங்க வேண்டும். அது சட்டம். முதல் நாள் சாப்பாட்டு அறையில் சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டேன். எதிரில் இருந்தவர்கள் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். பார்த்துக்கொள்ளுங்கள் என்று ரசத்தையும் ஊற்றிப் பிசைந்தேன், அது ரசம்கூட இல்லை, ஏதோ காய்கறி சூப். அடுத்த பள்ளித் தவணைக்குள் என் அறைத்தோழியான கொரியப் பெண், அம்மா கொடுத்தனுப்பும் நெத்திலிச் சம்பலை எனக்கு மிச்சம் வைக்காமல் காலி செய்யும் அளவுக்குத் தேறியிருந்தாள்.

எனக்கு எரிச்சல் தந்தது ஒன்றே ஒன்றுதான். பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறுகளில் மற்ற அம்மாக்கள் காரில் வந்து இறங்கி, அறைக்குள் புகுந்து, அலமாரியைத் திறந்து துணி கலைந்து கிடப்பதற்குத் திட்டுவார்கள். என் அம்மா காவலாளி கொட்டகையைத் தாண்ட மாட்டார். நல்ல சேலை கட்டி, பூ வைத்து வந்திருப்பார். ஆனாலும் அங்கேயே நின்று தூக்குச்சட்டியை நீட்டுவார்.

"உள்ள வாங்கம்மா. என் ரூமைப் பாத்துட்டுப் போலாம்."

"இருக்கட்டும் பாப்பா. பெரிய எடம். நீ படி, அது போதும்."

எனக்குக் கோபம் கோபமாக வரும். என்னை உள்ளே அனுப்பிவிட்டு இவர் ஏன் வெளியே நிற்க வேண்டும்? எத்தனை சண்டை போட்டும் அசையவில்லை.

தேர்வு ஆண்டில்தான் அந்தக் குழப்பம் வந்தது. எனக்கு இந்த இடம் கிடைத்தால் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பால்குடம் எடுக்க வைக்கிறேன் என்று அம்மா வேண்டியிருந்தார், தள்ளிக்கொண்டே போய் அந்த ஆண்டுதான் அதற்கு வேளை வந்தது. சனிக்கிழமை விடுப்பில் வீட்டுக்கு வந்திருந்தேன். அன்று மாலை காப்புக் கட்டு. அடுத்த வாரத்து ஞாயிறு திருவிழா. பூசாரி வரிசையாக மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். நானும் கையை நீட்டினேன். அம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார், பூசாரி முடிச்சுப் போட்டார், பக்கத்தில் இருந்தவர்கள் குலவையிட்டார்கள். எல்லாம் முடிந்து விபூதி பூசும்போதுதான் அம்மாவின் முகம் மாறியது.

"ஐயையோ, நாளைக்கி ஸ்கூலுக்குத் திரும்பணுமே இவ!"

காப்புக் கட்டியவர்கள் திருவிழா முடியும்வரை எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. பகலில் வேலைக்குப் போகலாம், பாசாருக்குச் சாமான் வாங்கப் போகலாம், பொழுது சாய்ந்தால் எல்லைக்குள் இருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தோட்டத்தில் யாரும் வெளியே போய்ப் படுப்பதில்லை, அதனால் யாருக்கும் அது உறைக்கவில்லை. எனக்கோ திங்கட்கிழமை காலை இயற்பியல் செய்முறைத் தேர்வு. அந்த வாரம் முழுக்கத் தேர்வுகள். தேர்வு வாரத்தில் விடுதிப் பிள்ளைகள் கேட்டைத் தாண்டவே கூடாது என்பது பள்ளியின் கட்டளை. தேர்வைத் தவறவிட்டால் என் இடம் போய்விடும். காப்பைக் கழற்றினால் அந்த இடத்துக்காக அம்மா வேண்டிய வேண்டுதல் போய்விடும்.

மறுநாள் காலை கோயில் முன்னால் கூட்டம் கூடியது. கழற்றிவிடலாம், பிள்ளை படிப்புதான் முக்கியம் என்றார் அப்பா. கழற்றினால் குடும்பத்துக்கு ஆகாது என்றார் பூசாரி. அம்மா வாயே திறக்காமல் அழுதுகொண்டிருந்தார். எனக்கு யார் முடிவுக்கும் காத்திருக்கப் பொறுமை இல்லை.

"மாமா, நம்ம எல்லை எதுவரைக்கும்?" என்று கோயில் தலைவரைக் கேட்டேன்.

"ரோடு வரைக்கும்தான். தெரியாதாக்கும்?"

"ஸ்கூலு கட்டறதுக்கு முந்தி?"

அவர் தலையைச் சொறிந்தார். பள்ளி இருக்கும் நிலம் முன்பு எங்கள் தோட்டத்தின் பால்மரக் காடு, ரப்பர் மரங்கள். மரத்தை வெட்டி, நிலத்தை விற்று, பள்ளி கட்டினார்கள். பள்ளித் திடலின் கோடியில், வேலியோரம் ஒரு கல் நின்றது. அளவைக் கல் என்று மற்றவர்கள் நினைத்திருந்தார்கள். என் அறைத்தோழி அதன்மேல் உட்கார்ந்துதான் பாடம் படிப்பாள். வந்த முதல் வாரமே அது என்ன கல் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அடியில் மழைக்கும் போகாத குங்குமக் கறை இருந்தது.

"எல்லைக்கல்லு இன்னும் அங்கதான் நிக்குது மாமா. தோட்டத்தைத்தான் வித்தாங்க. அம்மனோட எல்லைய யாரும் விக்கலையே."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பூசாரி சிரிக்கவில்லை.

"பேச்சு நல்லாத்தான்லா இருக்கு. ஆனா எல்லைன்னா சும்மா இல்ல. காப்புக் கட்டுன மறுநாளு உறுமி அடிச்சு எல்லை கட்டணும். பள்ளிக்கூடம் வந்ததுலேர்ந்து நம்ம ரோட்டோட திரும்பிடறோம். அந்தக் கல்லுக்குப் பழம் வெட்டாம இவ அங்க படுத்தா, எல்லைக்கு வெளியதான் படுக்குறா."

"அப்ப இன்னிக்கிப் போயி வெட்டுவோம்" என்றேன்.

தலைவர் தயங்கினார். கேட்டு, காவல்காரன், வெள்ளைக்காரன், போலீஸ் என்று அடுக்கினார். அப்போது அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"யாரும் வரலன்னா நானும் எம் புள்ளையும் போறோம். உறுமிய மட்டும் குடுங்க."

அதற்குப் பிறகு யார் உட்கார்ந்திருப்பார்கள்?

பொழுது சாய்வதற்குள் பள்ளிக் கேட்டுக்குப் போய்விட்டோம். முன்னால் நான், பள்ளிச் சீருடையில், வேப்பிலையோடு. பின்னால் உறுமி. அதன் பின்னால் மஞ்சள் உடுத்திய பாதித் தோட்டம். காவலாளி ஒரு மலாய்க்காரர், என்னை நன்றாகத் தெரிந்தவர்.

"ஆப்பா நி, டிக்?" என்று கேட்டார், இது என்ன தங்கச்சி என்று.

"செம்பாயாங் செகெஜாப், பக்சிக்" என்றேன். கொஞ்ச நேரச் சாமி கும்பிடுதான். அவர் கூட்டத்தைப் பார்த்தார், உறுமியைப் பார்த்தார், விடுதிப் பொறுப்பாளரைக் கூப்பிட ஆள் அனுப்பினார்.

பொறுப்பாளர் ஸ்காட்லாந்துக்காரர், சட்டப் புத்தகத்தைத் தலையணையாக வைத்துத் தூங்குகிறவர் என்று பெயரெடுத்த அம்மாள். மணிக்கட்டைக் காட்டி விஷயத்தை இங்கிலீஷில் சொன்னேன். இந்தக் கயிறு இருக்கும்வரை நான் எல்லைக்குள் தூங்க வேண்டும், நீங்கள் என்னைக் கேட்டுக்குள் தூங்கச் சொல்கிறீர்கள், கேட்டை எல்லைக்குள் கொண்டுவந்துவிட்டால் இரண்டு சட்டமும் நிற்கும். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பயப்படவில்லை என்று மேலே சொன்னது இந்த இடத்துக்குப் பொருந்தாது.

"புல்லில் நெருப்பு வைக்கக் கூடாது. தட்டில் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார் கடைசியில். சட்டக்காரர்களுக்குச் சட்டம் புரியும்.

உறுமி திடலுக்குள் புகுந்ததும் விடுதி மாடி முழுக்கத் தலைகள். பூசாரி கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, எலுமிச்சம்பழம் வெட்டி நாலு திசைக்கும் எறிந்தார். கற்பூரம் தட்டில் எரிந்தது. இனிமேல் எங்கே உட்கார்ந்து படிப்பது என்று மாடியிலிருந்து என் அறைத்தோழி சைகையில் கேட்டாள். வேறு இடம் பார் என்று நானும் சைகை காட்டினேன்.

திரும்பும்போது அம்மாவைக் காணவில்லை. தேடினால், வெறுங்காலோடு விடுதிப் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டிருந்தார். கண்ணால் எதையோ அளந்துகொண்டிருந்தார்.

"உன் ரூமு எது?"

கீழ்த்தளத்தில், ஓரத்து அறையைக் காட்டினேன். அம்மா திடலைத் திரும்பிப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், மறுபடி என் ஜன்னலைப் பார்த்தார்.

"இதான் நான் மரம் வெட்டுன நெரை பாப்பா. கல்லுலேர்ந்து நேரா இப்படி வரும். நீ வயித்துல இருக்கும்போதுகூட இங்கதான் பால் வெட்டுனேன்."



திங்கட்கிழமை மஞ்சள் கயிற்றோடு தேர்வு எழுதினேன், நன்றாகவே எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை பால்குடம் எடுத்தேன். அடுத்து பெற்றோர் பார்க்க வரும் நாள் வந்தபோது, வழக்கம்போல் காவலாளி கொட்டகைக்கு ஓடினேன். அம்மா அங்கே இல்லை. வரவில்லையோ என்று சோர்ந்து அறைக்குத் திரும்பினேன்.

அம்மா என் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அலமாரி திறந்து கிடந்தது.

"என்னடி இது, துணியெல்லாம் இப்படி அள்ளிப் போட்டு வச்சிருக்க?" என்று திட்டினார்.