பதின்மூன்று நாள் தாங்கும் அப்பிள்

போன சனிக்கிழமை விட்பி நகருக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் அப்பிள் பிடுங்கப் போனோம். நானும், ஒன்பது வயது மகள் அபியும், ஆறு வயது மகன் கவினும்.

மனைவி எங்கே என்று வழமையான வாசகர்கள் கேட்பீர்கள். போன வருடம் பிரிந்துவிட்டோம். இங்கே எழுதவில்லை... எழுத என்ன இருக்கிறது? பிள்ளைகள் அம்மாவோடு. ஒரு கிழமை விட்டு ஒரு கிழமை, சனியும் ஞாயிறும், ஸ்காபரோ மோர்னிங்சைட்டில் என் அப்பார்ட்மென்ட்டுக்கு வருவார்கள்.

சேர்ந்து வாழும் அப்பாக்கள் சனிக்கிழமை சோபாவில் படுத்திருக்கலாம். பிரிந்து வாழும் அப்பாக்களுக்கு நிகழ்ச்சி நிரல் வேண்டும்.

தோட்டத்தில் கவின் ஒவ்வொரு அப்பிளையும் ஒரு கடி கடித்துவிட்டுப் பைக்குள் போட்டான்.

“ஏனடா?”

“டெஸ்ட் பண்ணினனான்.”

நாற்பதுக்கு மேல் பாஸ். ஒன்றுகூட பெயில் இல்லை.

வீட்டுக்கு வந்து அபி பையை எட்டிப் பார்த்தாள்.

“நாங்கள் திரும்பி வரப் பதின்மூண்டு நாள். அதுக்குள்ள உதெல்லாம் அழுகீடும் என்ன?”

“ஃப்ரிட்ஜில வைக்கிறன்.”

“கடிச்சதையா?”

அவள் அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். இரண்டு வீட்டுப் பிள்ளைகள் நாட்களை மிகச் சரியாக எண்ணுகிறார்கள்.

பக்கத்துக் கதவைத் தட்டினேன். அங்கே இருப்பவர் அன்ரன். மன்னார்க்காரர், என் வயது, சோஸ் செய்யும் தொழிற்சாலையில் வேலை. விஷயத்தைச் சொன்னேன்.

“போத்தல்ல அடைக்கலாம். ஒரு வருஷம் இருக்கும்,” என்றார். “ஆனா ஒழுங்காச் செய்யோணும். பிழை விட்டா ஆஸ்பத்திரி.”

ஞாயிறு காலை பெரிய பானையோடும் ஏழு கண்ணாடிப் போத்தல்களோடும் வந்தார். முதலில் எங்கள் கைகளைப் பரிசோதித்தார் – விமான நிலையத்தில்கூட என்னை அப்படிப் பார்த்ததில்லை.

கடித்த இடங்களை வெட்டி எறிந்தோம். மிச்சத்தைத் தோல் சீவி, அவித்து, மசித்து, சீனி போட்டு, தேசிக்காய்ச் சாறு விட்டோம். சூட்டோடு போத்தல்களில் நிரப்பினோம்.

“விளிம்பு வரைக்கும் விடாதேங்கோ. மேல அரை இஞ்ச் இடம் வேணும்.”

மூடி, தண்ணீரில் முழுக அமிழ்த்தி, இருபது நிமிடம் கொதிக்கவைத்தோம். பிறகு மேசையில் வரிசையாக வைத்தோம்.

“சூடு ஆறேக்க மூடி உள்ளுக்க இழுபடும். ‘டிக்’ எண்டு கேட்டாச் சரி,” என்றார் அன்ரன்.

நாலு பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். டிவி இல்லை, போன் இல்லை.

டிக்.

“ஓ மை காட்!” என்று கவின் கதிரையிலிருந்து குதித்தான்.

ஆறு போத்தல்கள் சத்தம் போட்டன. ஏழாவது கடைசிவரை வாய் திறக்கவில்லை. அதை அப்போதே கரண்டி போட்டுச் சாப்பிட்டோம்.

அபி போத்தல்களுக்கு லேபல் ஒட்டினாள். ஐந்தில் ‘அப்பா வீடு’. ஆறாவதில் ‘அம்மா’.

அந்த வீட்டுச் சாமான் இங்கே வராது, இந்த வீட்டுச் சாமான் அங்கே போகாது. இது யாரும் எழுதிவைக்காத சட்டம்.

“அம்மா சாப்பிடமாட்டா,” என்றேன்.

“கேட்டனீங்களா?”

அன்ரன் ஏற்கெனவே துடைத்த அடுப்பை மறுபடி துடைக்கத் தொடங்கினார். நான் கேட்கவில்லைதான். ஒரு வருடமாக நாங்கள் இருவரும் மெசேஜில் பரிமாறிக்கொண்டது நேரங்களை மட்டுமே. ஆறு மணி. ஆறரை. ஓகே.

“சரி, கொண்டு போ,” என்றேன்.

பின்னேரம் அவர்களை இறக்கிவிட்டு, எப்போதும்போல காருக்குள்ளேயே இருந்தேன். அபி போத்தலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியேறினாள். கதவு திறந்தது. மூடியது. ஸ்காபரோ முழுக்கச் சிவப்பு விளக்கில் நின்று நின்று வீடு வந்து சேர்ந்தேன்.

செவ்வாய்க்கிழமை வேலையில் இருக்கும்போது மெசேஜ் வந்தது.

“சீனி கூடிப்போச்சு. போத்தல் முடிஞ்சுது.”

எனக்குத் தெரிந்தவரை, பிடிக்காத சாமானை யாரும் இரண்டு நாளில் முடிப்பதில்லை.