கரண்டைக் கேட்டு ஓடிய கடிகாரம்

கால் உடைந்தது என் தப்பில்லை. கடிகாரம் செய்தது என் தப்புதான்.

இருங்காட்டுக்கோட்டையில், கார்களுக்குத் தகடு அடித்துக்கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸில் இருந்தேன். ஏணி வழுக்கி விழுந்ததில் காலுக்கு மாவுக்கட்டுப் போட்டு, மூன்று வாரம் ரூமில் கிட என்று அனுப்பிவிட்டார்கள். ரூம், கம்பெனிக்குப் பின்னாலேயே. சங்கு ஊதினால் எங்கள் தகரக் கூரை அதிரும். அதில் நானும், கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த என் கூட்டாளியும் இருந்தோம். எனக்கு விருதுநகர்.

அவன் அதே கம்பெனியில் பிரஸ் ஓட்டும் டிரெய்னி. அந்த மாதக் கடைசியில் அவனைப் பெர்மனன்ட் ஆக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்வார்கள். மூன்று நாள் லேட்டானால் பேச்சே கிடையாது. இரண்டு நாள் ஏற்கெனவே ஆகியிருந்தது. அவனோ பெர்மனன்ட் ஆகிவிட்டதாக ஊரில் எப்போதோ சொல்லிவிட்டான். அதை நம்பி அவர்கள் பெண்ணே பார்த்துவிட்டார்கள்.

நான் இருந்த இருப்பில் இதையெல்லாம் கவனிக்கவில்லை. கம்பெனி ஸ்கிராப்பில் கிடந்த ஒரு பழைய அளவுக் கருவியிலிருந்து, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்த ஆறு கண்ணாடிக் குழாய்கள் என்னிடம் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் பூஜ்யம் முதல் ஒன்பது வரை மெல்லிய கம்பியில் வளைத்து ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தியிருப்பார்கள். எந்த எண்ணுக்குக் கரண்ட் கொடுக்கிறோமோ அது மட்டும் கனலாகச் சிவந்து நிற்கும். அவ்வளவு அழகை அந்தத் தகரக் கூரைக்குக் கீழே நான் அதுவரை பார்த்ததில்லை. கூடவே நூற்று எழுபது வோல்ட் ஷாக்கும் உண்டு. அதையும் நாலைந்து தடவை பார்த்தேன்.

இன்டர்நெட் சென்டரில் அச்செடுத்துவைத்திருந்த சர்க்யூட் சுலபமாக இருந்தது. லைன் கரண்ட் விநாடிக்கு ஐம்பது முறை துடிக்கும். ஐம்பதை எண்ணினால் ஒரு விநாடி. பாலிடெக்னிக் முதல் வருஷப் பாடம். ஒரு டிபன் பாக்ஸ் மூடியில் ஆறு ஓட்டை போட்டுக் குழாய்களை நிறுத்தினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முதன்முதலாக எல்லாம் எரிந்தபோது, ஜன்னலில் செந்நிற வெளிச்சத்தைப் பார்த்த வீட்டுக்கார அக்கா கதவைத் தட்டினார்.

"இன்னா தம்பி, ஹீட்டர் போட்டு சோறு ஆக்கினுகீறியா? வாடகைக்கு வரும்போதே சொன்னேனா இல்லியா?"

"கடிகாரம்க்கா."

அக்கா எட்டிப் பார்த்தார். "கடியாரத்துக்கு எதுக்கு இம்மாம் நெருப்பு?" என்று கேட்டுவிட்டு, நம்பாமல் டிபன் பாக்ஸ் மூடியைத் தொடப்போனார். நான் கத்திய கத்தில் மாவுக்கட்டோடு கட்டிலிலிருந்து விழுந்தேன்.

திங்கட்கிழமை காலை எட்டரைச் சங்கு ஊதியதும் கடிகாரத்தை எட்டு முப்பது என்று வைத்தேன். பகல் முழுவதும் அதன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்குப் பார்த்துக் கரண்டும் போகவில்லை. சாயங்காலம் ஐந்து முப்பது என்று எண்கள் மாறின, சங்கு ஊதியது. ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை, ஒரு கால்தான் ஒழுங்காக இருந்தது என்றாலும்.

கூட்டாளி வந்ததும் காட்டினேன். அவன் அலமாரியிலிருந்த டைம்பீஸைப் பார்த்தான்.

"ஏல, ரெண்டுக்கும் கால் மணி நேரம் வித்தியாசம் இருக்கே."

"உன் டைம்பீஸ் ஃபாஸ்ட். கம்பெனிச் சங்கோட என்னுது கரெக்டா நிக்குது. வேற என்ன சாட்சி வேணும்?" என்று டைம்பீஸை வாங்கி முள்ளைக் கால் மணி நேரம் பின்னால் திருகினேன். எவ்வளவு தெனாவெட்டு எனக்கு.

மறுநாள் காலை அவன் தலைக்கு எண்ணெய் வைத்துவிட்டு இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது சங்கு ஊதியது. என் கடிகாரம் ஏழு ஐம்பது என்றது. டைம்பீஸ் எட்டேகால் என்றது. அவன் பாதி இட்லியோடு எழுந்தான்.

"உக்காருல. சங்க முன்னாடியே ஊதுறானுவ. நம்ம நேரத்தத் திருடுறானுவ. நீ நிதானமா சாப்பிட்டுப் போ," என்றேன்.

அவன் என்னை நம்பினான். நிதானமாகச் சாப்பிட்டுப் போனான். பத்தே நிமிஷத்தில் திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தான். கேட் பூட்டியிருந்தது. மூன்றாவது லேட். "பொண்ணு வீட்டுக்கு என்னல சொல்லுவேன்," என்று மட்டும் கேட்டான். திட்டியிருந்தால் தேவலை.

எனக்கு வந்த கோபத்தில், கடிகாரத்தைப் பையில் போட்டுக்கொண்டு, கட்டையை ஊன்றி டைம் ஆபீசுக்குப் போனேன். கம்பெனியின் நேரத்தை எல்லாம் பார்த்துக்கொள்ளும் டைம் கீப்பர், உள்ளூர்க்காரர், கார்டு அடிக்கும் பெரிய மின்சாரக் கடிகாரத்துக்குக் கீழே டீ குடித்துக்கொண்டிருந்தார். சங்கையும் அந்தக் கடிகாரம்தான் ஊதவைக்கும்.

"காலையில சங்க நாப்பது நிமிஷம் முன்னாடி ஊதிட்டீங்க," என்றேன்.

"இன்னாபா, காலு உட்ஞ்சா மூளையும் உட்ஞ்சிருமா?" என்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். பிறகு போனில் மணி சொல்லும் நம்பரைச் சுழற்றி ரிசீவரை என் காதில் வைத்தார். சங்கு சரி. என் கடிகாரம்தான் நாற்பது நிமிஷம் பின்னால் இருந்தது. மானம் போயிற்று. தலையைத் தொங்கப்போட்டபோது அவரே, "பயசு ஆன கடியாரம்னா அப்டிதாம்பா. இத்தயே பாரு, தெனம் காலைல வந்து நான்தான் முன்ன தள்ளி வெக்கிறேன். இல்லாங்காட்டி லேட்டா ஓடும்," என்று சமாதானம் சொன்னார்.

அதைக் கேட்டதும் எனக்கு உச்சந்தலையில் அடித்த மாதிரி ஆயிற்று. அவருடையதும் லைன் கரண்டை எண்ணி ஓடுவது. பேனல் ரூமில் மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து, ஐம்பது இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தெட்டரை, நாற்பத்தெட்டரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவந்தவன் நானேதான். கரண்ட் மெதுவாகத் துடித்தால் இரண்டு கடிகாரமும் சேர்ந்தே மெதுவாகத்தான் போகும். நேற்று சாயங்காலம் இரண்டும் ஒத்துப்போனதன் ரகசியம் அதுதான். அப்படியானால், அவர் தள்ளிவைத்த கையோடு ஊதும் காலைச் சங்கு சரி. ஒன்பது மணி நேரம் மெதுவாக ஓடியபின் ஊதும் சாயங்காலச் சங்கு தினம் கால் மணி நேரம் தாமதம்.

உள்ளே யாரும் வாட்ச் கட்டக்கூடாது. பிரஸ்ஸில் மாட்டிக்கொள்ளும் என்று கேட்டிலேயே கழற்றிவிடுவார்கள். வெளியே வந்து வாட்சைக் கட்டும்போது நேரம் இடித்தால், "கம்பெனி டைம் வேற, வாட்ச் டைம் வேற" என்று நாங்களே சொல்லிக்கொண்டு போவோம். நானும் சொல்லியிருக்கிறேன்.

மேனேஜரிடம் போய் விளக்கினேன். நான் மீட்டர் கணக்கு எழுதிவந்த லாக் புத்தகத்தையும் காட்டினேன். அவர் வெகுநேரம் அதைப் புரட்டினார்.

"அந்தப் பையனோட லேட்டை எடுத்துடறேன். நீ இதைக் கீழே யார்கிட்டயும் பேசவேண்டாம்," என்றார்.

சரி என்றேன். கூட்டாளி பிழைத்தால் போதும் என்றுதான் அப்போது நினைத்தேன். பேசாமல் இருந்ததற்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு நாளில் பேட்டரியில் ஓடும் புதுக் கடிகாரம் வந்தது. மாட்டிக்கொடுக்க என்னையே கூப்பிட்டார்கள். அன்று சாயங்காலம் சரியாக ஐந்தரைக்குச் சங்கு ஊதியது. கேட்டில் நின்று பார்த்தேன். ஒருவரும் வெளியே வரவில்லை. உள்ளே பிரஸ் சத்தம் நிற்கவும் இல்லை.

கட்டையை ஊன்றி உள்ளே பிரஸ் லைனுக்குப் போனேன். எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். கூட்டாளியின் தோளைத் தட்டி, "சங்கு ஊதிட்டாங்கல, வா," என்றேன்.

அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "போல, நீயும் ஒன் சங்கும். இன்னும் கால் மணி இருக்குன்னு என் இடுப்பு சொல்லுது," என்று அடுத்த தகட்டை எடுத்து வைத்தான்.