கீழ தள்ளிப் பாருங்க

அந்த இயற்கை அங்காடியில் எல்லோரும் அவளுக்கு வைத்த பெயர் ஸ்கேன் அக்கா. பச்சை ஏப்ரன், தலையில் பச்சைத் தொப்பி, வாயில் ஓயாத ஒரே பாட்டு: “ஸ்கேன் பண்ணிப் பாருங்க.” பொட்டலத்தின் மேலிருக்கும் க்யூஆர் கட்டத்தைப் போனில் காட்டினால் போதும். காய் எந்தத் தோட்டத்தில் பறித்தது, எந்த வண்டியில் வந்தது, எந்தக் கிடங்கில் கிடந்தது என்று பிளாக்செயின் என்கிற கணினிப் பதிவேடு புட்டுப் புட்டு வைக்கும். ஒரு தடவை ஏற்றிய பதிவை யாராலும் அழிக்க முடியாது என்பதுதான் அதன் பெருமை. வாடிக்கையாளரை அதைப் பார்க்க வைப்பதற்குத்தான் அவளுக்குச் சம்பளம். இத்தனை ஈடுபாட்டோடு வேலை பார்க்கிற ஆள் கிடைக்காது என்று மேலாளர் பூரித்துப்போனார். பாவம், அவள் வயிறு எரிவது அவருக்கு எங்கே தெரியும்!

இந்த வேலைக்கு வருமுன் அவள் தக்காளிக்காரி. புருஷன் போன பிறகு தன்னந்தனியாக, மருந்தே அடிக்காமல் விளைவித்து, இந்தக் கடைகளின் முதலாளிக்கே போட்டு வந்தாள். இயற்கை விளைச்சல் என்ற சான்றிதழை அவருடைய நிறுவனமே அவள் தோட்டத்தைக் காட்டி வாங்கி வைத்திருந்தது. ஒரு வருடம் சந்தையில் தக்காளி விலை தரையைத் தொட்டது. மருந்தடித்த பழம் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்போது இவளுடையதை எதற்கு வாங்க வேண்டும்? கழற்றிவிட ஒரு சாக்கு வேண்டும், அவ்வளவுதான். கிடங்கு வாசலில், மற்ற விவசாயிகளும் டிரைவர்களும் சுமை தூக்குகிறவர்களும் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி அவள் கூடையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார். முகர்ந்தார். குப்பைத் தொட்டியில் விட்டெறிந்தார்.

“மருந்து வாடை. திருப்பி அனுப்பு.”

அவள் முகத்தைக்கூட அவர் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் மருந்துக்காரி. எந்தக் கடைக்காரனும் அவளை அண்டவிடவில்லை. பழம் வண்டியிலேயே அழுகியது. நிலம் கைமாறிப் போய், இன்று அங்கே சிமென்ட் தரையில் புதுக் கார்கள் பளபளவென்று நிற்கின்றன. அவளோ தங்கை வீட்டின் பின்னறையில், இஸ்திரி மேசைக்கும் ஓட்டை சைக்கிளுக்கும் நடுவே பாயைப் போட்டுக்கொண்டாள்.

எதிரியின் கடை என்று தெரிந்தேதான் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்திலேயே இருந்தால் ஒரு நாள் சிக்காமலா போவான்? சிக்கினான், முதல் வாரமே. பழகிக்கொள்வதற்காக ஒரு தக்காளிப் பொட்டலத்தை ஸ்கேன் செய்தாள். பெரிய பச்சை டிக் வந்தது. விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் அடியில் விவசாயியின் படம். இடுப்பில் கூடையோடு, வாயெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு நின்றது அவளேதான். சான்றிதழுக்காக எடுத்த பழைய படம். கீழே எழுதியிருந்தது: இன்று காலை பறித்தது.

அவளை விரட்டிவிட்டு அவள் முகத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறான்! அன்று ராத்திரி தங்கையிடம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்.

“நேரா ஆபீசுக்குப் போய் புகார் குடுக்கா,” என்றாள் தங்கை, சட்டையைத் தேய்த்தபடி.

“குடுத்தா என்ன பண்ணுவான்? தெரியாம நடந்துபோச்சுன்னு, நாளையிலேர்ந்து வேற ஒருத்தி மூஞ்சியை மாட்டிடுவான். என்னை நாலு பேர் முன்னாடி அசிங்கப்படுத்தினான்ல? அவனுக்கும் நாலு பேர் முன்னாடிதான்.”

அதற்கு வழியும் இருந்தது. எந்தக் கடையில் அதிகம் பேர் ஸ்கேன் செய்கிறார்களோ, அங்கே முதலாளியே வந்து வாடிக்கையாளர் முன்னால் பரிசு கொடுப்பார் என்று அறிவித்திருந்தார்கள். ஆக, அவரைக் கடைக்கு இழுத்து வர அவளுக்கு வேண்டியது ஜனங்களின் விரல்.

அந்த விரல் லேசில் அசைகிற விரலா? ஒருவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்தார். ஒருத்தியின் போனில் சார்ஜ் இல்லை. “இவ்வளவு விலை குடுத்து வாங்குறேனே, அது போதாதா?” என்று ஒரு அம்மாள் சிலிர்த்துக்கொண்டாள். இன்னொருவர் உண்மையையே போட்டு உடைத்தார்: “பார்த்து, அதுல ஏதாவது தப்பாத் தெரிஞ்சா அப்புறம் நான் எதைம்மா திங்கிறது? விட்டுடு, நிம்மதியா சாப்பிட்டுப் போறேன்.”

அவள் விடவில்லை. கண்ணாடி இல்லாதவருக்குப் படித்துக் காட்டினாள், சார்ஜ் இல்லாதவளுக்குத் தன் போனை நீட்டினாள், குழந்தைகளிடம் விளையாட்டு என்று சொல்லி ஸ்கேன் செய்ய வைத்தாள். ஆனால் பச்சை டிக் வந்த மறு நொடி எல்லோரும் போனைப் பைக்குள் போட்டுக்கொண்டார்கள். ஒருத்திதான் கடைசி வரை தள்ளிப் பார்த்தாள். “ஐயோ, இந்த அம்மா என்ன களையா இருக்காங்க!” என்று சொல்லி, எதிரில் நின்ற தொப்பிக்காரியிடமே பை கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள்.

ஒருவழியாக அவள் கடைதான் முதலில் வந்தது. பரிசளிப்பு நாளில் கல்லா வரை கூட்டம். முன்வரிசையில் கறார் அம்மா. ஒரு வெண்டைக்காய் முற்றியிருந்தாலும் கடையையே இரண்டாக்கிவிடுகிற வாடிக்கையாளர் அவர். அக்காதான் மெனக்கெட்டு அவரை அழைத்திருந்தாள்.

முதலாளி மைக்கைப் பிடித்தார். “நம்ம கடையில ஒளிவுமறைவே கிடையாது. ஒரு தடவை ஏத்திட்டா, நானே நினைச்சாலும் அழிக்க முடியாது!”

கைதட்டல் பறந்தது. பூங்கொத்தை அவள் கையில் திணித்தபோதும் அவர் கேமராவைத்தான் பார்த்தார். அவள் பூங்கொத்தைத் தராசின் மேல் வைத்துவிட்டு மைக்கை வாங்கினாள்.

“எல்லாரும் ஒரு தக்காளிப் பொட்டலம் எடுத்து ஸ்கேன் பண்ணுங்க. டிக்கோட நிறுத்தாதீங்க. கீழ தள்ளிப் பாருங்க.”

சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றினாள்.

கறார் அம்மா போனைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். “ஏம்மா, இது நீதானே? இன்னிக்குக் காலையில உன் தோட்டத்துல பறிச்சதுன்னு போட்டிருக்கு. நீ காலையிலேர்ந்து இங்கதானே நிக்கிறே?”

“என் தோட்டத்துல இப்ப கார் நிக்குதும்மா. அது என் கையை விட்டே போயாச்சு. இந்தத் தக்காளி எங்கேர்ந்து வருதுன்னு சாரையே கேளுங்க.”

அவ்வளவுதான். பிடித்தது பாருங்கள், ஆளாளுக்குக் கத்தல். டிக்கைத் தாண்டாதவர்கள் எல்லாம் இப்போது போட்டி போட்டுக்கொண்டு தள்ளினார்கள். நிம்மதியாகச் சாப்பிட ஆசைப்பட்டவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினார்.

அந்த அமளியில் அக்கா நிதானமாக ஒரு தக்காளியை எடுத்தாள். முகர்ந்தாள். குப்பைத் தொட்டியில் விட்டெறிந்தாள்.

“மருந்து வாடை. திருப்பி அனுப்புங்க.”

முதலாளி அப்போதுதான் அவளை ஏறிட்டுப் பார்த்தார். “யாரும்மா நீ?”

அவள் பொட்டலத்தை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். “ஸ்கேன் பண்ணிப் பாருங்க சார்.”

எதை அமுக்க வேண்டும் என்று அவர் மேலாளரைக் கேட்க வேண்டியிருந்தது. பச்சை டிக் வந்ததும் போனைச் சட்டைப் பையில் போடப் போனார். கறார் அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கீழ தள்ளுங்க.”