படலையில் சொன்ன ‘கோ’

வேலைக்குப் புறப்படும் தகப்பனைப் பார்த்து, “அப்பா, கோ!” என்று பிள்ளை கையசைத்தால் தடுக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா? எனக்கு இன்னும் தெரியவில்லை.

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து புதுக்குடியிருப்பில் கொட்டில் போட்டிருக்கிறோம். இவர் விடிய எழும்பிச் சைக்கிளில் நாயாற்றுக் கடற்கரைக்குப் போய், மீன் எடுத்து, ஊர் ஊராக விற்றுவிட்டு வருவார். அந்தக் கரையில் எப்போது ஷெல் விழும் என்று யாருக்குத் தெரியும்? வாசல் படலையைத் தாண்டும்போது “போட்டு வாறன்” என்பார். “ஓம், வாங்கோ” என்பேன். வெறும் ‘போறன்’ எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை.

மகள் பள்ளிக்கூடத்தில் படித்த முதல் ஆங்கிலச் சொற்களில் ஒன்று ‘கோ’, அதாவது ‘போ’. அன்றே படலையில் நின்று கத்தினாள். இவர் சிரித்தார்.

“இஞ்சாரும், உம்மடை மேள் என்னை வீட்டைவிட்டுக் கலைக்கிறா!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இடம்பெயரும்போது துணிகளோடு கட்டிக்கொண்டு வந்த பழைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். போவதற்கு மட்டுமல்ல, வெளிச்சம் அணைவதற்கும், பால் கெடுவதற்கும், ஆள் செத்துப்போவதற்கும் அந்தச் சொல்லே போதுமாம். மூடி வைத்துவிட்டு, “கோ அன்ட் கம் எண்டு சொல்லு, குஞ்சு” என்று பழக்கினேன்.

பிறகு ஒருநாள் வகுப்பில், அப்பா சந்தைக்குப் போகிறார் என்ற வசனத்தை ஆங்கிலத்தில் சொல்லவைத்திருக்கிறார்கள். மகள் கடைசியில் ‘அன்ட் கம்’ சேர்த்திருக்கிறாள். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள்.

“நீங்கள் சொல்லித் தந்தது பிழையாம். ரீச்சர் சொன்னவா.”

“ரீச்சர் சொன்னதுதான் சரி.”

“அப்ப அப்பாக்கு என்ன சொல்லுறது?”

பள்ளிக்கூடத்தில் அப்படிச் சொல், படலையில் இப்படிச் சொல் என்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாளிலிருந்து இரண்டு இடத்திலும் வாயைத் திறப்பதில்லை. தமிழில்கூட வழியனுப்புவதில்லை. சைக்கிள் கரியரைப் பிடித்துக்கொண்டு சும்மா நிற்கிறாள். ஆங்கிலப் பாடத்திலும் அப்படித்தான் என்று ரீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

“என்ன பிள்ளை, இண்டைக்கும் கலைக்கேல்லையோ?” என்று இவர் கேட்டுப் பார்த்தார். அவள் கரியரை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இவர் என் பக்கம் திரும்பி, மெதுவாக, “கோ எண்டாவது சொல்லியிருக்கலாம். ஒண்டும் பேசாமல் நிக்கேக்கைதான் எனக்குப் பயமாக்கிடக்கு” என்றார்.

அன்றும் பத்திரமாக வந்து சேர்ந்தார். நேற்றும் வந்தார். எனக்குத்தான் களைத்துவிட்டது. என் பயத்தைப் பிள்ளையின் வாயில் வைத்துவிட்டேனா, அல்லது எந்தத் தாயும் செய்வதைத்தான் செய்தேனா? இவளை வற்புறுத்தாமல் மறுபடி பேசவைக்க வழி தெரிந்த தாய்மார் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.