தங்கையின் உயரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி

வெள்ளை மெழுகு உருகும்போது லேசான மண்ணெண்ணெய் வாடை வரும். தேன்மெழுகு உருகினாலோ வீடே பூத்தது போலிருக்கும். அரியலூர்ப் பக்கத்து எங்கள் ஊரில் நான் முகர்ந்து வளர்ந்தது முதல் வாடையைத்தான். ஒரு நாளில் பாதி நேரம் கரண்ட் இல்லாத வருடங்கள் அவை. அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குக் கிளம்பியதும், அம்மா திருச்சியிலிருந்து வரும் "வெள்ளக்கட்டி" மெழுகை உடைத்துப் பழைய குண்டானில் உருக்கி, தேங்காயெண்ணெய் தடவித் திரி கோத்த அலுமினிய அச்சில் ஊற்றி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து ஆறவிடுவாள். எங்கள் ஊர் வெயிலுக்கு மெழுகுவர்த்தி வளைந்துபோகும் என்பதால் கெட்டிப்படுத்தும் பவுடரை ஒரு கைப்பிடி கூடவே போடுவாள். கரண்ட் போனால் ஊரே திட்டும். மெழுகுவர்த்தி விற்ற காசில் அடுப்பெரிந்த எங்கள் வீட்டில் மட்டும் யாரும் திட்டுவதில்லை.

என் தங்கை ஸ்டெல்லாவுக்கு இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், உதடு நீலம் பாரித்துவிடும். திருச்சியில் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருந்தார்கள். அதற்குள் பஸ் ஏறிப் போகும் தூரத்திலிருந்த மாதா கோயிலில் ஓர் ஆளுயர மெழுகுவர்த்தி ஏற்றுவதாக அம்மா நேர்ந்துகொண்டாள். நோயாளியின் உயரத்துக்கு மெழுகுவர்த்தி செய்து ஏற்றுவது எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களிடம் உள்ள நேர்ச்சை. அதோடு விட்டிருக்கலாம். முழுக்கத் தேன்மெழுகிலேயே செய்கிறேன் என்றும் சொல்லிவிட்டாள்.

அதற்குக் காரணம் எங்கள் கோயில் உபதேசியார். பூசைக்கு மணி அடிப்பது முதல் கல்லறைக்குக் குழி தோண்ட ஆள் பிடிப்பது வரை எல்லாம் பார்த்த அவருக்கு மெழுகின் பூர்வீகமும் அத்துப்படி. ஒரு காலத்தில் சீமையில் ஏழைகள் ஆட்டுக் கொழுப்பையும் மாட்டுக் கொழுப்பையும் உருக்கித் திரி போட்டு எரித்தார்கள், வீடெல்லாம் நாறும், கோயிலுக்கு மட்டும் தேன்மெழுகு; பிறகு மண்ணுக்கடியில் எடுக்கும் எண்ணெயைப் பிரிக்கும்போது கிடைத்த இந்த வெள்ளை மெழுகு மலிவாக வந்து எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டது என்பார். "தேனீ பூவத் தொட்டுச் சேத்தது, அதுல கள்ளங்கபடம் கெடையாது" என்று முடிப்பார். அம்மா அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டாள்.

ஸ்டெல்லாவைச் சுவரோடு நிறுத்தி, குதிகாலிலிருந்து உச்சந்தலை வரை திரிநூலால் அளந்தோம். அவள் விரல் நுனியில் எக்கி நின்றாள். "எக்காத பாப்பா, உள்ளபடி நில்லு" என்று அம்மா தோளைப் பிடித்து அமுக்கினாள். பச்சைமலையிலிருந்து பெரம்பலூருக்கு வரும் தேன்காரரிடம் பிழிந்துபோட்ட அடையைச் சொல்லி வைத்து வாங்கினோம். ஒரு சாக்கு அடையை வெந்நீரில் உருக்கித் துணியில் வடிகட்டினால், ஆறிய பிறகு மேலே மிதப்பது கையகல மஞ்சள் தட்டுதான். இரண்டு மாதம் சேர்த்தும் தங்கையின் இடுப்பளவுக்குத்தான் வந்தது. மீதிக்கு அடுத்த தேன் பருவம் வரை பொறுக்க வேண்டும் என்றார் தேன்காரர். ஆபரேஷன் நாளோ நெருங்கிவிட்டது.

ஒருநாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது, நெடுக அறுத்து சைக்கிள் டியூப்பால் கட்டிய பிளாஸ்டிக் குழாய்க்குள் மெழுகு ஊற்றியாகிவிட்டது. மறுநாள் குழாயைப் பிரித்தால், மோர்க்குழம்பு நிறத்தில் வெளிறிய மஞ்சளாக வந்தது. கூடையில் வெள்ளைக்கட்டி குறைந்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பா அதை ஈரத்துணியில் சுற்றி, பஸ்ஸில் மடிமேல் கிடத்திக் கொண்டுபோய், மாதா முன்னால் ஏற்றினார்.

நாலாம் நாள் காலையில் ஸ்டெல்லா இறந்துபோனாள். ஆபரேஷனுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

அம்மா அதன்பிறகு அச்சைத் தொடவில்லை. மெழுகுவர்த்தி கேட்டு யார் வந்தாலும், கலப்படக்காரி கையால் செய்தது வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். சாமிக்கு நேர்ந்ததில் கலப்படம் செய்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொல்லிச் சொல்லி அழுவாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுவார்.

இப்போது கரண்ட் போவதே அபூர்வம். போனாலும் செல்போனில் விளக்கு இருக்கிறது. கடைகளில் மெழுகுவர்த்தி பிறந்தநாள் கேக்கோடு ஒட்டிக்கொண்டு பிழைக்கிறது. உபதேசியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவின் மனதிலிருந்து அந்தப் பழி மட்டும் போகவில்லை. போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது, கோயில் பீடத்தில் எரியும் மெழுகுவர்த்தியிலேயே நெடுங்காலமாக வெள்ளை மெழுகு கலந்துதான் வருகிறது என்று நான் படித்ததைச் சொல்லி, மாதா இதையெல்லாம் குற்றமாக எடுத்திருக்க மாட்டாள் என்றேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"மாதாவ யாருடி சொன்னா" என்றாள். "நான் வெள்ளக்கட்டியப் போடறப்ப பக்கத்துல பாயில ஸ்டெல்லா படுத்திருந்தா. 'ஏம்மா, எனக்குப் பாதிதான் வேண்டிக்கிறியா'ன்னு கேட்டா. கண்ணுல பொக பட்டுடுச்சுன்னு சொல்லிட்டு வெளிய போயிட்டேன்."

இத்தனை வருடமாக அந்தக் கேள்வியை அவள் ஒருத்தியே சுமந்திருக்கிறாள். ஆறுதல் சொல்லப் போன எனக்குத்தான் அழுகை வந்தது. அம்மா கீரையை ஆய்ந்துகொண்டே இருந்தாள்.